ஸ்பேசர் போட்டா வீல் பேரிங் என்ன ஆகும்? லோன் முடியுறதுக்குள்ள வர்ற செலவு

புது கார் வாங்கினதும் பலருக்கு வர்ற அடுத்த ஆசை, வீலை வெளியே தள்ளி "லுக்கா" வைக்கிறது. ஸ்பேசர் விலையை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. முழுச் செலவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆஃப்செட் என்றால் என்ன?

வீல் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். 'ஈடி 45' என்றால் 45 மி.மீ. இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். 20 மி.மீ. ஸ்பேசர் போட்டா, ஈடி 45 வீல் ஈடி 25 மாதிரி ஆகிடும். ஸ்பேசரா, ஆஃப்செட் குறைந்த வீலா என்பது பேரிங்குக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான்.

பேரிங் ஏன் சீக்கிரம் தேயுது?

ஒரு பையை உடம்போட ஒட்டிப் பிடிங்க. அப்புறம் கையை நீட்டிப் பிடிங்க. எடை அதேதான், தோள் வலி மட்டும் கூடும். இங்கே பேரிங்தான் தோள்.

பால் பேரிங்கில் சுமை கொஞ்சம் கூடினாலே ஆயுள் நிறைய குறையும். சுமையை மூன்று முறை பெருக்கி வர்ற அளவுக்கு ஆயுள் குறையும் என்பது பொறியியல் கணக்கு. ஒரு பேரிங் 80,000 கி.மீ. ஓடும், வருஷம் 15,000 கி.மீ. ஓட்டுறீங்கன்னு வைங்க:

• கம்பெனி ஆஃப்செட்: 5 வருஷத்துக்கு மேல்
• சுமை 10% கூடினா: சுமார் 60,000 கி.மீ., 4 வருஷம்
• சுமை 20% கூடினா: சுமார் 46,000 கி.மீ., 3 வருஷம்

எத்தனை மி.மீ. ஸ்பேசருக்கு எத்தனை சதவீதம் என்பது காருக்குக் கார் மாறும். ஆனா 5 வருஷ லோன் எடுத்தவருக்கு, இஎம்ஐ ஓடும்போதே பேரிங் செலவும் வந்து நிற்கும்.

பெரிய ரிஸ்க் எது?

பேரிங் விலையை விடப் பெரிய ரிஸ்க் வாரண்டிதான். கம்பெனி அனுமதிக்காத மாற்றத்தால் வந்த பழுதுக்கு வாரண்டி பொதுவா கிடைக்காது. முழுப் பணமும் உங்க பாக்கெட்லிருந்துதான்.

என்ன செய்யலாம்?

1. அலாய் வாங்கும்போது கம்பெனி கொடுத்த ஆஃப்செட்டையே கேளுங்க.
2. ஏற்கெனவே ஸ்பேசர் இருந்தா, வேகம் கூடக்கூட "ஹூம்"னு சத்தம் வருதான்னு கவனிங்க. இடது பக்கம் திரும்பும்போது அது அதிகமானா, பெரும்பாலும் வலது பேரிங்தான். உடனே மெக்கானிக்கிட்ட காட்டுங்க. தள்ளிப்போட்டா செலவோட ஆபத்தும் கூடும்.
3. அப்புறமும் ஸ்பேசர் வேணும்னா, மாசாமாசம் ஒரு தொகையைத் தனியா ஒதுக்குங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க.