பழைய வெள்ளி ரூபாய் வாங்குகிறீர்களா?

டெல்லி சாந்தினி சவுக், தரீபா கலான் பக்கம் போனால் "விக்டோரியா ராணி காலத்து வெள்ளி" என்று ஒரு ரூபாயைக் கையில் திணிப்பார்கள். பர்ஸைத் திறக்கும் முன்:

1. எடை போடுங்கள். விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரை வெள்ளி ரூபாய் 11.66 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். ஒரு கிராமே குறைந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

2. காந்தம் காட்டுங்கள். வெள்ளி ஒட்டாது. (1947 ரூபாய் ஒட்டும். அது நிக்கல், போலியல்ல.)

3. விளிம்பை நகத்தால் வருடுங்கள். வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு கோடு தட்டுப்பட்டால், இரு பாதியாக வார்த்து ஒட்டியதாக இருக்கலாம்.

4. பளபளப்பில் மயங்காதீர்கள். கிரீடத்தின் வேலைப்பாடு தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்; விலை அதில்தான். வீட்டுக்கு வந்ததும் புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். கருமையோடு மதிப்பும் போய்விடும்.

5. ராமர், அனுமன் பொறித்த '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' காசை, எத்தனை கதை சொன்னாலும் வாங்காதீர்கள். கம்பெனி அப்படியொரு நாணயம் அடிக்கவே இல்லை.

6. வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். 100 ஆண்டு கடந்த நாணயத்தைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச்செல்வது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.