அந்தமான் கடல்நீரில் கதிரியக்கக் கண்காணிப்பு

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அணுமின் நிலையம் ஏதும் இல்லை. கல்பாக்கம் வங்கக் கடலின் மறுகரையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அவ்வாறிருக்க, இத்தீவுகளின் கடல்நீரில் கதிரியக்கத்தை அளப்பது எதற்கு என்ற வினா எழுவது இயற்கையே.

கதிரியக்கம் அறவே இல்லாத கடல்நீர் உலகில் எங்கும் இல்லை. நீரில் கரைந்துள்ள பொட்டாசியம்-40 மட்டுமே லிட்டருக்குச் சுமார் 12 பெக்கரல் கதிரியக்கம் தருகிறது. நொடிக்கு ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கரல். மனிதனால் சேர்ந்த சீசியம்-137 வெளிக்கடலின் மேற்பரப்பில் லிட்டருக்கு ஒரு பெக்கரலின் ஆயிரத்தில் சில பங்கே. 1963-ஆம் ஆண்டின் சோதனைத் தடை உடன்படிக்கைக்கு முன் வளிமண்டலத்தில் வெடிக்கப்பட்ட அணுகுண்டுகளின் எச்சமே அதில் பெரும்பகுதி. அதன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டுகள். ஆகவே, சீசியம் காணப்பட்டது என்ற செய்தியால் மட்டும் பயனில்லை. முன்பு எவ்வளவு இருந்தது என்பது தெரிந்தாலன்றிப் புதிய அளவுக்குப் பொருள் கூற இயலாது. கல்பாக்கத்தின் முதல் உலை 1983-இல் இயங்கத் தொடங்குமுன்பே அங்கு சுற்றுப்புற அளவீடுகள் எடுக்கப்பட்டதன் காரணம் இதுவே. உலைகளிலிருந்து விலகி நிற்கும் தீவுக் கடல், ஒப்பிட்டு நோக்குவதற்கு ஏற்ற இடமாகும்.

இத்துணைச் சிறிய அளவை ஒரு குடுவை நீரில் காண முடியாது. பல பத்து லிட்டர் நீரைச் செம்பு பெரோசயனைடு பூசிய வடிகட்டியின் வழியே செலுத்துவர். சீசியம் அதில் தங்கிவிடும். பின்னர் ஈயக் கவசத்தினுள் வைத்த ஜெர்மானியக் கருவியில் பல மணி நேரம் எண்ணுவர். நீரோடு அடிமண், சிப்பி, மீன் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். தீவு மக்கள் உண்பது மீனையே அன்றோ! சிப்பியில் இயற்கையான பொலோனியம்-210 சேர்வதுண்டு; அதனை மாசு என்று மயங்கலாகாது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வட அந்தமானில் பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே உயர்ந்தன. இவ்வாறு கரையே மாறிய இடங்களில் பழைய அடிமண் அளவுகளை அப்படியே ஒப்பிட முடியாது.

2011-இல் புகுஷிமா விபத்து நிகழ்ந்தது. அங்குச் சுத்திகரிக்கப்பட்ட நீரைப் பசிபிக் கடலில் விடுவது 2023 ஆகஸ்டில் தொடங்கியது. மலாக்கா நீரிணை குறுகலானது, ஆழமற்றது; அதன் வழியே தென்சீனக் கடலிலிருந்து வரும் நீர் மிகவும் நீர்த்தே அந்தமான் கடலை அடையும். அந்நீரில் எஞ்சும் டிரிடியமோ நீரின் மூலக்கூறிலேயே கலந்திருப்பது. சீசியத்தைப் பிடிக்கும் வடிகட்டி அதனைப் பிடிக்காது. அதற்கு நீரைக் காய்ச்சி வடித்து, மின்பகுப்பால் செறிவூட்டி, தனியே அளக்க வேண்டும்.