தென்னாட்டுக் காந்த ஊசி

பௌதிகம் பயிலும் நண்பர்களே! தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்ட ஒருவன் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி எழுதப் புகுந்தமை உங்களுக்கு நகைப்பை விளைத்தல் கூடும். எனினும் இவ்விரண்டும் கூடி இயற்றும் ஓர் அரிய செயல் நம் தென்னாட்டின் தலைக்கு மேலே நாள்தோறும் நடைபெற்று வருகின்றது. அதனைப் பரீட்சைக்கு உரிய பாடங்களிடையே நான் கண்டிலேன். ஆகலின் இதனை எழுதத் துணிந்தேன்.

செட்டிநாட்டில் மின்சார ஆராய்ச்சி என்ற அளவிலே எவர்க்கும் நினைவிற்கு வருவது காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் உதவ, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம் அது. அதன் பெருமை யாவரும் அறிந்ததே. நான் சொல்லப் புகுந்தது, அந்நிலையத்திற்கும் அதனை அடுத்த நேமத்தான்பட்டி முதலிய ஊர்களுக்கும் மேலே, வானில் ஓடும் மின்னாற்றைப் பற்றியதாகும்.

முதற்கண் ஊசியை நோக்குவோம். காந்தமேற்றாத எஃகு ஊசி ஒன்றை அதன் நடுவிலே சமனாக நிற்கும்படி தொங்கவிட்டு, பின்னர் அதற்குக் காந்தமேற்றினால், அது வடக்கு நோக்குவதோடு அமையாமல் ஒரு முனை தாழ்ந்தும் நிற்கும். இங்கிலாந்தில் ராபர்ட் நார்மன் என்னும் கருவி செய்வோர் இதனை ஆராய்ந்து 1581இல் நூலாக வெளியிட்டார். 1600இல் கில்பர்ட் பூமியே ஒரு பெருங்காந்தம் என நிறுவியதற்கு இச்சாய்வு ஒரு சான்றாயிற்று. இலண்டனில் ஊசி ஏறத்தாழ 66 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்து, ஏறக்குறைய தலைகீழாகவே நிற்கின்றது. நேமத்தான்பட்டியிலோ சாய்வு சில பாகையே. ஊசி படுத்திருக்கின்றது என்றே சொல்லலாம். இன்னும் தெற்கே சென்று திருநெல்வேலிச் சீமையை அடைந்தால், சாய்வு முற்றும் அற்ற கோட்டை நெருங்குகின்றோம். அக்கோட்டிற்குக் காந்த நடுக்கோடு என்று பெயர். பூமியின் நடுக்கோடு இலங்கைக்கும் தெற்கே கடலில் கிடப்ப, காந்த நடுக்கோடு மட்டும் வடக்கே வளைந்து குமரிமுனைப் பக்கமாகச் செல்வது நமக்கு வாய்த்த பேறு. அக்கோடு ஓரிடத்தே நிலைத்து நிற்பதன்று. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இடம் பெயர்வது.

இதனால் விளையும் வேறுபாடு சிறிதன்று. குளிர்நாட்டிற்கெனச் செய்த திசைகாட்டியில், வடமுனை தாழாதிருத்தற்பொருட்டுத் தென்முனையிலே சிறு பாரம் சேர்த்திருப்பர். அதனை இங்கே கொண்டுவந்தால் தென்முனை தாழ்ந்துவிடும். செங்குத்தாக நிற்கும் இரும்புக்கம்பி பூமியினாலேயே காந்தமாகும் என்று நூல்கள் கூறும். இலண்டனுக்கு அது முற்றும் பொருந்தும். நம் ஊர் வீட்டுச் சன்னலில் நிமிர்ந்து நிற்கும் கம்பிகளுக்கு அது மிகச் சிறிதளவே பொருந்தும். வடக்குத் தெற்காகக் கிடக்கும் கம்பியே இங்கு நன்கு காந்தமாகும். நூலிற் படித்ததை நூலிலேயே விட்டுவிடாமல் ஒரு சிறு திசைகாட்டியைக் கம்பியருகே கொண்டுசென்று பார்ப்போர்க்கு இவ்வுண்மை விளங்கும்.

படுத்திருக்கும் ஊசியை நாடி அறிஞர் பலர் தென்னாட்டிற்கு வந்தனர். திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் வான்காட்சி நிலையம் ஒன்று நிறுவினார். 1852 முதல் அதன் தலைவராய் விளங்கிய ஜான் ஆலன் பிரௌன் என்பார், கீழே நோக்குவது போதாதென்று, 1855இல் அகத்தியமலை உச்சியருகே, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், காந்த ஊசிகளை நிறுத்தி அவற்றின் அசைவைக் குறிக்கச் செய்தார். யானையும் மழையும் காவல் செய்யும் காடு அது. குறுமுனி தமிழ் வளர்த்ததாக நாம் போற்றும் பொதியிலிலே காந்த நூலும் ஒருகால் பயிலப்பட்டது என்பதைக் கண்டபோது, தமிழ் மாணவனாகிய எனக்கு உண்டான உவகை சொல்லுந்தரமன்று.

நிற்க. ஊசி நாள்தோறும் சிறிது அசைகின்றதே, அஃது ஏன்? மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்பும் என்பதை 1820இல் எர்ஸ்டெட் கண்டார். ஊசி அசைந்தால் எங்கோ மின்னோட்டம் இருத்தல் வேண்டும் என்று அதனையே திருப்பிப் பார்க்கலாமன்றோ? 1882இல் பால்ஃபர் ஸ்டூவர்ட் அவ்வாறே கருதி, வானின் மேற்பகுதியில் மின்னோட்டம் ஓடுகின்றது என்றார். 1922இல் தென்னமெரிக்காவிலே பெரு நாட்டின் உவாங்காயோவில் ஒரு காந்த நிலையம் தோன்றிற்று. அதுவும் காந்த நடுக்கோட்டின் அருகே உள்ளது. அங்கே பகற்காலத்தில் காந்தவலிமை, பிற இடங்களிற் காண்பதினும் மிகுதியாக ஏறக் கண்டனர். இந்நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில் ஓடும் மின்னோட்டமே அதன் காரணம். அதற்கு 1951இல் சிட்னி சாப்மன் பெயரிட்டார்; நாம் அதனை நடுக்கோட்டு மின்தாரை என்போம்.

இத்தாரை தரையினின்று ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 600 கிலோமீட்டர் அகலத்தில், பகலெல்லாம் மேற்கினின்று கிழக்காக ஓடுவது. நண்பகலை ஒட்டி மிகுந்து, இரவில் அடங்குவது. செட்டிநாடு அதன் அகலத்துக்குள் அடங்கும். வலக்கை விதியைக் கொண்டு பாருங்கள்: பெருவிரல் கிழக்கு நோக்கினால், மடங்கிய விரல்கள் கீழ்ப்புறத்தே வடக்கு நோக்கும். பூமியின் காந்தப்புலமும் இங்கு வடக்கு நோக்கியே உள்ளது. ஆகவே தாரை ஊசியைப் பக்கவாட்டில் திருப்புவதைவிட, வடக்கே இழுக்கும் வலிமையையே மிகுவிக்கும்.

எவ்வளவு மிகுவிக்கும்? தாரையை ஒரு நீண்ட கம்பியாகவே கொண்டு 50,000 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஆம்பியரை இரண்டாற் பெருக்கி, ஒரு கோடியாலும், மீட்டரிற் சொன்ன தொலைவாகிய 1,05,000ஆலும் வகுக்க, சுமார் 95 நானோடெஸ்லா கிடைக்கும். நிலையங்களில் நல்ல நாட்களில் அளந்து காண்பதும் இவ்வளவை ஒட்டியதே. தாரை கம்பியன்று, அகன்ற பட்டை. பூமிக்குள்ளும் அது எதிரோட்டங்களைத் தூண்டுகின்றது. ஆதலின் இது நுண்கணக்கன்று. ஆயினும் எர்ஸ்டெட்டின் மேசைமேற் கண்ட விதி வானளவும் செல்கின்றது என்பதற்கு இது போதும்.

ஏன் இந்தப் பட்டையில் மட்டும் இவ்வளவு மிகுதி? இதுவே பாடத்தின் உயிர்நிலை. அவ்வுயரத்திலே ஞாயிற்றின் கதிர்கள் காற்றணுக்களைப் பிளந்து எலெக்ட்ரான்களையும் அயனிகளையும் உண்டாக்குகின்றன. வெயிலால் அசையும் காற்று காந்தப்புலத்தின் ஊடே இவற்றைத் தள்ள, டைனமோவிற் போலக் கிழக்கு நோக்கிய மின்புலம் ஒன்று தோன்றுகின்றது. அயனிகள் காற்றணுக்களோடு மோதி மோதி நிற்க, இலகுவான எலெக்ட்ரான்கள் மட்டும் மின்புலத்திற்கும் காந்தப்புலத்திற்கும் குறுக்காக மேல்நோக்கி நகரும். காந்தப்புலம் சாய்ந்திருக்கும் நாடுகளில் அவை காந்தக்கோடுகளின் வழியே ஒழுகிப் போய்விடும். இங்கோ கோடுகள் கிடையாக உள்ளன. மேலும் கீழும் மின் செல்லாத அடுக்குகள். எனவே மேலே எதிர்மின்னும் கீழே நேர்மின்னும் தேங்கி, முதற்புலத்தினும் பன்மடங்கு வலிய செங்குத்துப் புலம் ஒன்று எழுகின்றது. அது எலெக்ட்ரான்களை மேற்கே விரைந்து ஓட்டும். எனவே மின்னோட்டம் கிழக்கே பெருகும். வாய்க்கால் அடைபட்ட இடத்தே நீர் தேங்கி மட்டம் உயர்ந்து, வேறொரு மடையிற் பாய்வது போன்றது இது. ஊசி படுத்திருப்பதும் ஆறு ஓடுவதும் ஒரே காரணத்தால் என்பது இப்போது புலனாகும். சில நாட்களில் பிற்பகலில் இத்தாரை திரும்பி மேற்கே ஓடுவதும் உண்டு.

இத்தாரையை ஊடுருவி ஆராயும்பொருட்டே, காந்த நடுக்கோட்டை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊர் ஏவுதளத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அங்கிருந்த மகதலேனா மரியாள் ஆலயமே முதல் அலுவலகமாயிற்று. இன்று அது விண்வெளிக் காட்சிச்சாலையாக உள்ளது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்திலும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கின்றது. அங்கே காணும் ஏற்றத்தினின்று, தாரைக்கு வெளியேயுள்ள பம்பாய்ப் பக்கத்து அலிபாகில் காணும் ஏற்றத்தைக் கழித்தால் எஞ்சுவது தாரையின் அளவு. அலிபாக் நிலையம் தோன்றிய காரணமும் சுவையுடையது: பம்பாய் நகரில் மின்சார டிராம் வரவிருந்தமையால் கொலாபாவின் ஊசிகள் கலங்கும் என்று அஞ்சி அவ்விடம் பெயர்ந்தனர்.

கருவியின்றி நாம் இதனைக் காண இயலுமா? கைப்பேசியிலுள்ள காந்தமானி இவ்வளவு சிறு மாறுதலை நம்பத்தக்கவாறு காட்டாது. ஆனால் முறுக்கற்ற மெல்லிய இழையில் காந்தமொன்றைக் கிடையாகத் தொங்கவிட்டுச் சிறிதே ஆட்டினால், அதன் அலைவுநேரம் புலவலிமையின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதமாக மாறும். நம் பக்கத்தில் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. 80 கூடினால் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அலைவுநேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். ஓர் அலைவு 10 விநாடியாயின், நள்ளிரவில் 1,000 விநாடி கொள்ளும் 100 அலைவுகள் முற்பகல் 11 மணியளவில் 999 விநாடியில் முடியும். ஒரு விநாடிதான் வேறுபாடு! வெயிலின் சூட்டால் காந்தம் சிறிது வலிகுன்றுதலும் உண்டாதலின், பகலும் இரவும் ஒரே குளிர்ச்சியுள்ள தடித்த சுவர் அறையையே தேர்தல் வேண்டும். நேமத்தான்பட்டியில் அத்தகைய அறைகளுக்குக் குறைவில்லை. இரும்புத் தூணும், இரும்புப் பெட்டியும், சன்னற் கம்பியும் அற்ற மூலை கிடைப்பதே அரிது. ஒருநாள் போதாது, பல நாட்கள் எண்ணிச் சராசரி காணவேண்டும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர் எவரேனும் இதனைச் செய்து முடித்தால், அவர்தம் எண்களை அடுத்த ஆண்டு மலரில் காண விரும்புகின்றேன்.