கண்ணுக்குத் தெரியாத அசுத்தம்: தென்பெண்ணைக் கரையில் ஒரு தண்ணீர்ப் பாடம்

மார்க்கச் சட்ட நூல் எதைத் திறந்தாலும் முதலில் வருவது தண்ணீர்ப் பாடம்தான். தொழுகைக்கு முன் ஒளு. ஒளுவுக்கு முன் தண்ணீர். எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது என்பதை பிக்ஹு இமாம்கள் துருவித் துருவி ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அசுத்தம் கலந்து நிறமோ, சுவையோ, வாடையோ மாறிவிட்ட தண்ணீர், எவ்வளவு மிகுதியாக இருந்தாலும் ஒளுவுக்கு ஆகாது. இதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேற்றுமை இல்லை. மாற்றம் தெரியாத நீரில்தான் அளவு பார்க்கிறார்கள். ஷாபி மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர். ஹனபி மத்ஹபில் பத்துக்குப் பத்து முழமுள்ள ஹவுள்.

நிறம், சுவை, வாடை என்னும் இம்மூன்றும் கண்ணும் நாவும் மூக்கும் அறியக்கூடியவை. படித்தவரும் பாமரரும் ஒன்றுபோலச் சோதித்துக் கொள்ளலாம். ஆனால் ஒளுவுக்கு ஆகும் தண்ணீரெல்லாம் குடிக்கவும் ஆகுமா? பல வீடுகளில் இந்த வேறுபாடு தெரியாமல்தான் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் துவண்டு போகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சகோதர சகோதரிகள் இதை மற்றவர்களைவிடக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் அவர்களுடைய ஆறு, ஒரு மாநகரைக் கடந்து அவர்களிடம் வருகிறது.

ஆறு வரும் வழி

கர்நாடகத்தில் நந்திமலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணைக்கு அங்கே தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீரும் இதில்தான் வந்து சேருகிறது. பிறகு தமிழகத்தில் நுழைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015-ஆம் ஆண்டில் தீப்பற்றியது. 2017-லும் 2018-லும் மீண்டும் அந்த ஏரியில் தீ எழுந்தது. தண்ணீரில் நெருப்பு என்றால் கேட்பவர் நம்பமாட்டார், ஆனால் நடந்தது. அண்மை ஆண்டுகளில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் பொங்கி வருவதை நம் மக்கள் பலமுறை பார்த்துவிட்டார்கள். சோப்புத்தூளும் சாக்கடையும் கலந்த நீர், மதகிலிருந்து வேகமாக விழும்போது கடையப்பட்டு நுரைக்கிறது. அதில் வளரும் நூல் போன்ற சில நுண்ணுயிர்கள் அந்த நுரையைக் கலையவிடாமல் தாங்கிப் பிடிக்கின்றன.

நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்

நுண்ணுயிர் என்றாலே நோய் என்று எண்ணுவது சரியன்று. பாலைத் தயிராக்குவதும், இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் அவையே. கொள்ளு, அவரை, நிலக்கடலைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருவதும் அவையே. நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமம் என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை.

ஆற்றைக் கழுவுவதும் அவைதாம். இலை, சாணம், செத்த உயிர்கள் என எது விழுந்தாலும் அதை உண்டு, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசித்து, அழுக்கை அழித்துவிடுகின்றன. ஓடும் நீர் தன்னைத்தானே சுத்தப்படுத்திக் கொள்ளும் என்று பெரியோர் கண்ட அனுபவத்தின் இரகசியம் இதுவே.

ஆனால் இந்த ஊழியர்களின் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு சுமார் 8 மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் சாக்கடையை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க ஏறத்தாழ 200 மில்லிகிராம் வேண்டும். அதாவது ஒரு குடம் சாக்கடை, இருபத்தைந்து குடம் ஆற்று நீரின் பிராணவாயுவைக் குடித்துவிடும். அதற்கு மேலும் சாக்கடை வந்தால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். பிறகு பிராணவாயு தேவைப்படாத வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். அழுகிய முட்டை வாடையும், கருநிறமும், எரியக்கூடிய மீத்தேன் வாயுவும் அவற்றின் வேலை. இமாம்கள் சொன்ன நிறமாற்றமும் வாடைமாற்றமும் இங்கே கண்முன் நிற்கின்றன. சாக்கடை கலந்து இந்நிலைக்கு வந்துவிட்ட நீரைப் பற்றி ஐயம் எழுந்தால், ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே ஒளுவுக்கு எடுக்க வேண்டும்.

அடையாளம் காட்டாத அபாயம்

நிறமும் வாடையும் மாறாத நீர் பற்றி என்ன சொல்வது? இங்குதான் நாம் ஏமாந்து போகிறோம். காலரா, டைபாய்டு, சீதபேதி, சிலவகை மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள், பளிங்கு போன்ற தெளிந்த நீரிலும் இருக்கலாம். தகுந்த உணவும் வெப்பமும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். இரவில் சோற்றுப் பானையில் விழுந்த ஒன்று, தடையின்றிப் பெருகினால் எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் குடிநீருக்கு அரசு விதித்துள்ள தரம் மிகக் கடுமையானது: 100 மில்லி லிட்டர் நீரில் மலக்கிருமியான ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

கிருஷ்ணகிரி வட்டாரம் பாறைப் பூமி. பாறை இடுக்குகளின் வழியே கழிவறைத் தொட்டியின் நீர் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கக்கூடும். மணல் பூமியில் நடப்பதுபோல் அது வடிகட்டப்படுவதில்லை. "எங்கள் போர் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது" என்பது போதுமான சான்று ஆகாது.

ஒரே ஆறு, இரண்டு ஊர்கள்

ஜெர்மனியில் எல்பே நதிக்கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்று ஒட்டி அமைந்த இரு நகரங்கள் இருந்தன. ஹாம்பர்க் தன்னாட்சி பெற்ற நகரம். ஆல்டோனா பிரஷ்யா நாட்டைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே ஆற்று நீரைக் குடித்தன. ஹாம்பர்க் தன் நீரை மேலே எடுத்தது, வடிகட்டவில்லை. ஆல்டோனாவோ, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழே எடுத்தது. ஆனால் மணற்படுகையில் மெல்ல வடியவிட்டுக் குடித்தது.

1892-ஆம் ஆண்டில் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதைவிட அழுக்கான நீரை எடுத்த ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவில் ஹாம்பர்க் நீர் குடித்த பக்கம் நோய். எதிர்ப்பக்கத்தில் நோய் இல்லை. 1884-ல் கல்கத்தாவில் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் என்னும் அறிஞரே இதையும் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார்.

ஆல்டோனாவைக் காத்தது வெறும் மணலன்று. மணலின் மேல் படிந்திருந்த மெல்லிய வழுவழுப்பான படலம், நல்ல நுண்ணுயிர்கள் நிறைந்தது. அது நோய்க்கிருமிகளைப் பிடித்துத் தின்றுவிட்டது. நுண்ணுயிரின் தீமையைத் தடுத்ததும் நுண்ணுயிர்தான்! மேலே இருப்பவர் திருந்தும் வரை காத்திராமல், கீழே இருந்தவர் தம் கடமையைச் செய்தார், பிழைத்தார். இரு மாநிலங்களுக்கிடையே வாழும் நமக்கு இதில் பெரும் படிப்பினை இருக்கிறது.

உலமாக்களின் தீர்ப்பு

சுத்திகரித்த கழிவுநீரைப் பற்றிய கேள்வி 1978-ல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபைக்கு வந்தது. அவர்கள் நீர்த்துறை வல்லுநர்களின் கருத்தையும் அறிந்த பின்னர், நிறமும் சுவையும் வாடையும் முழுமையாகத் திரும்பிவிட்டால் அந்நீர் மீண்டும் சுத்தமானதே என்று தீர்ப்பளித்தார்கள். அதே வேளை, குடிப்பதற்கு அதைத் தவிர்ப்பது நல்லது என்றும், அது ஆரோக்கியத்தைக் கருதியே என்றும் கூறினார்கள். மார்க்கச் சுத்தம் வேறு, நோயற்ற நீர் வேறு என்பதை இத்தீர்ப்பு அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவதற்கு ஆலிமிடம் கேட்க வேண்டும். இரண்டாவதற்கு மருத்துவரிடமும் நீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் கேட்க வேண்டும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்க வேண்டாம், நீர்த்துறைகளில் மலஜலம் கழிக்க வேண்டாம், உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் விடவேண்டாம், இரவில் பாத்திரங்களை மூடி வையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுக்கங்களை இந்த வெளிச்சத்தில் மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

1. குடிநீரைக் கொப்பளித்துக் கொதிக்கும் வரை காய்ச்சி, அதன்பின் ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். ஆறியதும் அதே பாத்திரத்தில் மூடி வைத்து, நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுங்கள்.

2. காய்ச்சினால் கிருமி சாகும், இரசாயனம் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் உள்ள புளோரைடு, காய்ச்சுவதால் நீங்காது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. பச்சைப்பாசி படர்ந்த நீரிலுள்ள சிலவகை நச்சுகளும் காய்ச்சினால் அழியா. அத்தகைய நீரை அறவே தவிருங்கள்.

3. ஆற்றுப் பாசனத்தில் விளைந்த கொத்தமல்லி, புதினா போன்றவற்றை நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். பச்சையாக உண்பதைவிடச் சமைத்து உண்பது பாதுகாப்பு.

4. கழிவறை சென்ற பின்னும் சமைக்கும் முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். தண்ணீர் மட்டும் போதாது.

5. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி புகட்டுங்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். பிள்ளை சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஜமாஅத்தார் கவனத்திற்கு

பள்ளிவாசல் ஹவுளையும் மேல்நிலைத் தொட்டியையும் காலம் தவறாமல் கழுவி, குளோரின் இடுவது முத்தவல்லிமார்களின் பொறுப்பு. கழிவறைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது ஐம்பது அடி இடைவெளி இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கிணற்று நீரைச் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வெளியூர்த் தம்பிமார் பலர் நெருக்கமான அறைகளில் தங்கியிருக்கிறார்கள். ஜும்ஆவுக்கு வரும் அவர்களுக்கும் இவ்விவரங்களை எடுத்துச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. பெங்களூரின் சாக்கடை நம்மிடம் வருகிறது என்று முறையிடுகிறோம். அந்த முறையீடு நியாயமானதே. ஆனால் ஓசூரின் சாக்கடை கிருஷ்ணகிரிக்குப் போகிறது; கிருஷ்ணகிரியின் சாக்கடை சாத்தனூருக்குப் போகிறது. நமக்கு மேலே ஓர் ஊர் இருப்பதுபோல் நமக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. நம் வீட்டுக் கழிவுக் குழாயை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிட்டால், கீழே இருப்பவரின் குடத்தில் நாமே கைவைத்தவர் ஆவோம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஆற்றின் கரையில், அண்டை வீடு ஐம்பது கல் தொலைவிலும் இருக்கும்.

கண்ணுக்குத் தெரிந்த அசுத்தத்திலிருந்தும் தெரியாத அசுத்தத்திலிருந்தும் நம்மையும், நம்மால் பிறரையும் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.