வால்வு ஆம்ப்ளிஃபயரின் குழைவு

பொன்முடிக்குச் சங்கக் குடும்பங்களோடு பஸ்ஸில் போனபோது, கிதார் பயிலும் பையன் ஒருவன், "மாமா, டிரான்சிஸ்டர் வந்த பிறகும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை ஏன் தேடி வாங்குகிறார்கள்?" என்று கேட்டான். ரயில்வேயில் ஓய்வு பெற்ற எனக்கு இது பிடித்த பாடம்.

தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைக் கூட்டினால், டிரான்சிஸ்டர் அலையின் உச்சியைக் கத்தரியால் நறுக்கியதுபோல் வெட்டிவிடும். காதுக்குக் கரகரப்பு. வால்வோ அந்த உச்சியை மெல்ல வளைத்து மழுக்கும். நாதம் தடித்துக் கனிந்து வரும். ஏசியை டிசியாக்கவும் வால்வே இருந்தால், தந்தியை ஓங்கி மீட்டியதும் மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்து மீளும். கொண்டை ஊசி வளைவில் எங்கள் பஸ் திணறி, பிறகு வேகம் பிடித்ததே, அதுபோல. அமுங்கி எழும் இந்தக் குழைவில்தான் கிதார்க்காரர்களுக்கு மயக்கம்.

1960-களில் பீட்டில்ஸ் குழுவினர் வாசித்த வாக்ஸ் ஏசி-30-ல் இருந்தவை நான்கு இஎல்-84 வால்வுகள். நம் வீட்டுப் பழைய ரேடியோக்கள் பலவற்றில் பாடியதும் அதே வால்வுதான்! பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் அதைத் தயாரித்தது.

பரணில் அப்படியொரு ரேடியோ இருந்தால் பிள்ளைகளைத் தனியே திறக்க விடாதீர்கள். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.