அழகுப் பாப்பியும் அபினிச் செடியும்: விதையை உறையில் போடும் முன்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் காய்கறித் தோட்டத்தின் வரப்பில் நான்கைந்து வருஷமாக பாப்பிப் பூ போடுகிறேன். கேரட், பீட்ரூட் நடுவில் பூச்செடி எதுக்குன்னு கேட்பவர்கள் உண்டு. பாப்பியில் தேன் கிடையாது. ஆனால் மகரந்தம் அள்ளி அள்ளித் தரும். காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தால் தேனீ மொய்த்துக் கிடக்கும். அசுவினியைத் தின்னும் புழுக்களின் தாய் ஈக்களும் மகரந்தம் தேடி வரும்.

விதைப்பது சுலபம். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியில் மண்ணைப் பொடியாக்கி, ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவ வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது, கையால் லேசாகத் தட்டினால் போதும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் பிழைக்காது, ஆணிவேர் செடி அது. முளைத்ததும் ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள். அதிகம் தொழு உரம் வேண்டாம். இலைதான் பெருக்கும், பூ குறையும்.

நான் போடுவது பபாவர் ரோயாஸ் இனத்தில் வந்த ஷர்லி பாப்பி. இங்கிலாந்தில் ஷர்லி என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ், 1880 வாக்கில் வயலோரக் களைச்செடி ஒன்றில் வெள்ளை விளிம்போடு ஒரே ஒரு பூவைப் பார்த்து, அதன் விதையை எடுத்து வருஷா வருஷம் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம். நம்ம ஊர் விவசாயி நெல்லில் கதிர் பொறுக்கிய அதே வேலைதான். இதில் அபினி கிடையாது.

சிக்கல் வந்தது இன்னொரு பாப்பியால். இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தி மகள் பொங்கல் வாழ்த்து அட்டைக்குள் ஒரு பொட்டலம் வைத்து அனுப்பினாள். "அண்ணா, எங்க தோட்டத்துல தானா முளைக்கிறது, ஊதா கலர், ரொம்ப அழகு" என்று எழுதியிருந்தாள். பெயர் 'பாப்பி' என்று மட்டும் இருந்தது. நானும் யோசிக்காமல் தூவிவிட்டேன்.

ஒன்றரை மாதத்தில் இலை வேறு மாதிரி வந்தது. ஷர்லியின் இலை கீறிக் கீறி, சொரசொரவென்று முடியோடு இருக்கும், தண்டிலும் முடி. இது முட்டைக்கோஸ் இலை மாதிரி நீலம் கலந்த சாம்பல் பச்சை, மெழுகு பூசின வழவழப்பு. காம்பே இல்லாமல் இலையின் அடி தண்டைக் கட்டிப் பிடித்திருந்தது. ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, "தம்பி, இது கசகசாச் செடி. பபாவர் சோம்னிஃபெரம். அபினி எடுக்கிறது இதுலதான்" என்றார்.

இங்கிலாந்தில் இதை அழகுக்காக வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாம், குற்றமில்லை. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஒரு செடிகூட வளர்க்கக் கூடாது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு அறிவித்த பகுதிகளில் மட்டுமே விவசாயிகளுக்கு உரிமம். அதைக் கொடுப்பது குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் பிரிவு. மீறினால் 10 வருஷம் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'தெரியாமல் வளர்த்தேன்' என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் நம்ம தலையில்தான். அந்தச் சட்டத்தின் 35வது பிரிவு அப்படித்தான் இருக்கிறது.

வீட்டில், "பிடுங்கிப் புதைச்சுட்டு பேசாம இருங்க" என்றார்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆசிரியர்தான் தடுத்தார். தன் நிலத்தில் இந்தச் செடி இருப்பது தெரிந்த பிறகும் அதிகாரியிடம் சொல்லாமல் இருந்தால், 46வது பிரிவின்படி அதுவே தனிக் குற்றமாம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் வாழ்த்து அட்டை, உறை, மீதி விதை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போய் எழுதிக் கொடுத்தேன். வந்து பார்த்தார்கள், மொத்தம் பதினோரு செடி. பூ வரவில்லை, காய் பிடிக்கவில்லை. அவர்கள் எதிரிலேயே பிடுங்கி எரித்தோம். அதோடு விட்டார்கள். காயைக் கீறிய தடம் இருந்திருந்தால் கதை வேறு.

ஒரு வேடிக்கை, விதைக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் விலக்கு. அதனால்தான் மளிகைக் கடையில் கசகசா விற்கிறார்கள், குருமாவில் அரைத்து ஊற்றுகிறோம். ஆனால் அதே கசகசாவை ஐக்கிய அரபு அமீரகத்துக்கோ சவூதிக்கோ எடுத்துப் போகக் கூடாது, அங்கே தடை. சிங்கப்பூரிலும் தடை செய்த பொருள்தான். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அரைத்த மசாலாப் பொடியில்கூட கசகசா சேர்க்காதீர்கள்.

அபினி இல்லாத பாப்பி என்றாலும் கடிதத்துக்குள் விதை வந்ததே தப்புதான். 2003ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பாப்பியின் அடிச்சாம்பல் நோய் விதையோடே பயணம் செய்யும். அரசு கெடுபிடி என்று நாம் அலுத்துக்கொள்வோம். எங்கள் மலையைப் பாருங்கள்: காடெல்லாம் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி, 1809இல் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்த பூச்செடி.

இங்கிருந்து அனுப்புவதும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு 2019 டிசம்பரிலிருந்து விதைக்குச் சான்றிதழ் கட்டாயம். அமெரிக்காவில், பெறுகிறவர் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தால் சிறு பொட்டலங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஒரு பொட்டலத்தில் 50 விதை அல்லது 10 கிராம்தான் கணக்கு. நம் நாட்டு ரகங்களை வெளிநாட்டவர் ஆராய்ச்சிக்கோ வணிகத்துக்கோ கேட்டால், 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி சென்னை தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியை அவர் முதலில் வாங்க வேண்டும். விதைத் திருவிழாவில் வெள்ளைக்காரர் ஆசையாகக் கேட்கிறார் என்று மாப்பிள்ளைச் சம்பாவை மடித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க நமக்கிருக்கும் உரிமையை 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் 39வது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. வணிகப் பெயர் ஒட்டி விற்பதற்கு மட்டும்தான் தடை. நாம் போராடிப் பேசுகிற அந்த உரிமை நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது என்பது அந்த வாழ்த்து அட்டை வரும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

சித்தி மகளிடம் போனில் விஷயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டாள். இப்போது பூவைப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள், நானும் அனுப்புகிறேன்.

என் ஷர்லி விதை இந்த வருஷமும் இருக்கிறது. காய் பழுத்து, மூடிக்குக் கீழே ஓட்டை திறக்கும் முன்பே வெட்டிக் காகிதப் பையில் கவிழ்த்துவிடுவேன், சோலைக்காட்டுப் பக்கம் சிதறக் கூடாது என்பதற்காக. கொடைக்கானல், ஏற்காடு பக்கம் குளிர்ந்த இடத்தில் இருப்பவர்கள் அடுத்த விதைப் பகிர்வுக்கு வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பொட்டலத்தின் மேல் முழுப் பெயர், எடுத்த ஊர், அறுவடை செய்த மாதம் மூன்றும் எழுதியிருக்கும்.