தொட்டியில் மலைப்பூ

உதகமண்டலம் சென்று மீளும் நம்மவர், ஆங்குப் பந்துபோல் திரண்டு மலரும் ஹைட்ராஞ்சியாவைத் தஞ்சையிலும் வளர்க்க விழைவது இயல்பே. ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, அமில மண்ணில் அலுமினியத்தை ஏற்று நீலமாகவும், கார மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். பழைய வகைகளிற் பெரும்பாலானவை சென்ற ஆண்டின் கிளையிலேயே பூக்க, 2004-இல் வெளிவந்த ‘எண்ட்லெஸ் சம்மர்’ புதுக்கிளையிலும் பூக்கும். ஆயினும் நம் கோடையைத் தாங்குதல் அதற்கும் அரிது.

ஆதலின், இட்லிப்பூ என வழங்கும் வெட்சியின் குறுவகையை நாடுவோம். அஃது ஆண்டின் பெரும்பகுதியும் திரள்திரளாகப் பூப்பது, வெயிலை விரும்புவது. அடியில் துளையுள்ள தொட்டியில் வல்லத்துச் செம்மண்ணும் மக்கிய எருவும் இட்டு நடுக. பூ வாடியபின் நுனியைக் கத்தரித்தால் புதுத் தளிரில் மீண்டும் மொட்டு அரும்பும். கார நீரால் இரும்புச்சத்துக் கிட்டாது இலை வெளுக்குமாதலின், மழைநீர் வார்த்தல் நன்று. மலைப்பூவை மலையிற் கண்டு மகிழ்ந்து, நம் நிலத்துக்கு ஏற்றதை நட்டுப் பேணுவோமாக.